மாடித் தொட்டிக்கு மண்

வயலில் நிற்கும் மிளகாய்ச் செடியின் வேர் ஈரத்தையும் உணவையும் தேடி இரண்டடி, மூன்றடி ஆழம் இறங்கும், பக்கவாட்டிலும் ஓடும். மழை நின்றதும் மிகுந்த நீர் கீழே இறங்கிப் போய்விடும். மண்புழுவும் கரையானும் மண்ணைத் துளைத்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு அங்குல வளர்ப்புப் பைக்குள் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. அங்கே செடியின் உலகம் மொத்தமே ஏறக்குறைய 20 லிட்டர் மண்கலவைதான். உணவு, தண்ணீர், காற்று மூன்றும் அதற்குள்ளேயே கிடைத்தாக வேண்டும். மாடித் தோட்டம் போடுகிறவர்கள் பலர் விதையிலும் உரத்திலும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இந்தக் கலவையில் காட்டுவதில்லை. ஆனால் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

மண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சத்து என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காற்று. வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு உயிர்வளி கிடைக்காவிட்டால் பக்கத்தில் எவ்வளவு உரம் கிடந்தாலும் உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். தண்ணீர் ஊற்றி, மிகுந்தது வடிந்து முடிந்த பிறகும் கலவையின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை காற்று நிறைந்த துளைகளாக இருக்க வேண்டும். தோட்டத்து மண்ணை வெட்டி எடுத்து அப்படியே தொட்டியில் நிரப்பினால் இந்த அளவு கிடைக்காது. நிலத்தில் நன்றாக வடிகிற மண்கூடத் தொட்டியில் சேறாகிவிடும்.

இதற்குக் காரணம் தொட்டியின் அடிப்பகுதி. நிலத்தில் மேல்மண்ணின் நீரை அடியிலுள்ள மண் தொடர்ந்து கீழே இழுக்கிறது. தொட்டியில் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. அடித்துளைக்குக் கீழே வெறும் காற்று. அதனால் மண்ணின் நுண்துளைகள் பிடித்துவைத்த நீர் வெளியேறாமல் அடியில் ஓர் அடுக்காகத் தேங்கிவிடுகிறது. துளை எத்தனை போட்டாலும் இந்த அடுக்கு போகாது. அதன் உயரம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததன்று. கலவையின் துளைகள் எவ்வளவு நுண்மையானவை என்பதைப் பொறுத்தது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் நுரைப்பஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கைவாக்கில் பிடித்துக்கொண்டால் சற்று நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் மீண்டும் நீர் கொட்டும். பஞ்சு அதேதான், உயரம் மட்டும் கூடியிருக்கிறது. ஆழமில்லாத தொட்டியில் வேரழுகல் அதிகமாக வருவது இதனால்தான். அரைக்கீரைக்கும் கொத்தமல்லிக்கும் ஆறு முதல் ஒன்பது அங்குல ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்குப் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

தொட்டியின் அடியில் சல்லியோ ஓட்டுத்துண்டோ போட்டால் நன்றாக வடியும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. நுண்ணிய துளையுள்ள மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள சல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மண் முழுக்க நனைந்து தளும்பும்வரை சல்லியின் மேல்விளிம்பிலேயே நிற்கும். தேங்கும் அடுக்கு சல்லியின் உயரத்துக்கு மேலேறி வேருக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. வேருக்கான இடமும் குறைகிறது. துளை அடைபடாமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லையோ தென்னை நாரையோ துளைமேல் வைப்பது வேறு; அதில் தவறில்லை.

இனி மண். தமிழ்நாட்டில் தொட்டிக்குப் பெரும்பாலும் வாங்குவது செம்மண். நல்ல தேர்வுதான். அதில் இரும்பு உண்டு, கரிசலைப் போல உப்பி வெடிக்காது, ஓரளவு வடியும். ஆனால் லாரியில் வந்து இறங்கும் செம்மண் பெரும்பாலும் குழி தோண்டிய அடிமண். உயிர்ப்பொருள் அதில் இல்லாததற்குச் சமம். நனைத்துப் பிசைந்து உருட்டினால் விரல் கனத்துக்கு நீண்டு, வளைத்தாலும் உடையாமல் நின்றால் அதில் களி மிகுதி. அத்தகைய மண்ணைக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது. கரிசல் மண்ணும் ஏரிக் கரம்பையும் சத்து மிகுந்தவை, வயலுக்கு அருமையானவை. தொட்டியில் காய்ந்தால் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். பிறகு ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் அந்த இடுக்கு வழியாக ஓடிவிடும், வேருக்கு ஒரு சொட்டும் சேராது. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்ட பிறகு கட்டுமான எம்-சாண்டைக் கலப்பவர்கள் உண்டு. அதிலுள்ள கல்தூள் துளைகளை அடைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவிச் சலித்த பருமணலாக இல்லாவிட்டால் அதைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.

எடையும் கணக்கில் வர வேண்டும். இருபது லிட்டர் ஈரச் செம்மண் ஏறக்குறைய 35 கிலோ. மனிதர் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிறுவனத்தின் கட்டட விதி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு. சதுர மீட்டருக்கு நான்கு மண் பைகள் வைத்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். நடக்கிற ஆளின் எடைக்கும் தேங்குகிற மழைநீருக்கும் இடமில்லை. தென்னை நார்க்கழிவுக் கலவை நிரப்பிய பை நனைந்த நிலையிலும் பாதி எடைக்குள் நிற்கும். பழைய வீடுகளில் பைகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வைப்பது இன்னும் பாதுகாப்பு.

மண்ணைக் குறைத்து வேறு பொருளால் தொட்டியை நிரப்பும் முயற்சி இங்கிலாந்தில் 1930-களில் ஒழுங்கு பெற்றது. ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெல்லும் ஏழு பங்கு தோட்ட மண், மூன்று பங்கு பீட் எனப்படும் சதுப்புநிலப் பாசி மக்கு, இரண்டு பங்கு மணல் என்ற கலவையை வகுத்தார்கள். பின்னர் கலிஃபோர்னியாவிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் மண்ணே இல்லாத கலவைகள் வந்தன. அவற்றுக்கெல்லாம் ஆதாரம் பீட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த அந்தச் சதுப்புகளைத் தோண்டுவதற்கு எதிர்ப்பு வலுத்தபோது, அதன் இடத்துக்குத் தென்னை மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள் வந்து நின்றது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து, யாருக்கும் வேண்டாத கழிவாகக் கிடந்த அந்தத் தூள், இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு ஐரோப்பியப் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறுகிறது. நம் மாடிகளில் அதற்குக் கோகோபீட் என்று பெயர்.

கோகோபீட்டின் சிறப்பு, அது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும் காற்றுக்கு இடம் விடுகிறது என்பது. ஐந்து கிலோக் கட்டி ஒன்றை ஊறவைத்தால் 60 முதல் 75 லிட்டர் வரை பொங்கும். அதை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கழுவியதா, கழுவாததா? தென்னை மட்டையில் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் இயல்பாகவே மிகுதி. கடலோரக் காயலில் ஊறிய மட்டையாக இருந்தால் சோடியம் இன்னும் கூடும். விலை மலிந்த கட்டிகள் பெரும்பாலும் கழுவாதவை. அவற்றில் நேரடியாக நட்ட நாற்றின் இலை விளிம்பு சில நாட்களில் கருகும். பலர் அதை வெயில் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, நல்ல நீர் மாற்றி மாற்றி மூன்று முறையாவது அலச வேண்டும். பிழிந்து எடுத்த நீரில் உப்புமானியை (டி.டி.எஸ். மீட்டர்) வைத்துப் பார்த்தால், ஊற்றிய நீரின் அளவுக்கு அருகில் வரும்போது நிறுத்தலாம்.

வெறும் நீரில் அலசுவது தளர்வாக உள்ள உப்பை மட்டும் நீக்கும். தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட பொட்டாசியமும் சோடியமும் அப்படியே இருக்கும். பிறகு உரமாக இடும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அந்தத் தூள் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு இவற்றை வெளியே விடும். கோகோபீட் மிகுந்த பைகளில் தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவதற்கு இது ஒரு காரணம். கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து மீண்டும் அலசிவிட்டால் அந்தப் பரிமாற்றம் பைக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. ஏற்றுமதிக்குப் போகும் சரக்குக்கு இதைச் செய்தே அனுப்புகிறார்கள். வீட்டுக்கும் இது செய்யத்தக்க வேலைதான். ஒரு பருவத்துக்கு ஒரு முறை போதும்.

இன்னொன்று, பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு ஒன்றையும் தாண்டும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு வகுத்த முறை எளியது: ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்தால், 112-க்கு 1 என்றிருந்த விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். இப்படி மக்கிய நார்க்கழிவு கறுத்து, பிசைந்தால் நொறுங்கும். இது கிடைக்கும் ஊர்களில் கட்டியைவிட இதுவே மேல்.

கலவையின் மூன்றாவது பகுதி மக்கிய உரம். தொழு உரமானால் குறைந்தது ஆறு மாதம் மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண நாற்றம் இருக்கக் கூடாது. மக்காத எரு சூடேறி வேரைச் சுடும், வேர்ப்புழுவையும் கொண்டுவரும். மண்புழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்றரை அளவு. தொழு உரத்தில் அரை அளவு. எண்ணிக்கையைவிட முக்கியம், இவை மண்ணுக்குக் கொடுக்கும் உயிரும் உருவும். ஆனால் மண்புழு உரம் நல்லதென்று பாதிப் பை நிரப்பினால் தவறு. அதன் நுண்துகள் நனைந்து பிசினாகி, முன்சொன்ன தேக்கத்தைக் கூட்டிவிடும்.

காற்றுக்காகச் சேர்க்கும் பருப்பொருளில் நம் ஊரில் மலிவானதும் நல்லதும் நெல் உமி. அரைவேக்காடாக எரித்த உமிக்கரி இன்னும் நல்லது. மக்காமல் நெடுநாள் நிற்கும், கொஞ்சம் சாம்பல்சத்தும் சிலிக்காவும் தரும். கடைகளில் விற்கும் பெர்லைட் விலை கூடியது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. வெர்மிகுலைட் தமிழ்நாட்டிலேயே திருப்பத்தூர் அருகே சேவாத்தூரில் வெட்டி எடுக்கப்படுகிறது. நீரையும் சத்தையும் பிடித்துவைப்பதால் நாற்றுத் தட்டுக்கு ஏற்றது, பெரிய பைக்கு அதன் தேவை குறைவு.

இவற்றைச் சேர்க்கும் விகிதத்தில் பிடிவாதம் வேண்டாம். அரசு வெளியீடுகளில் செம்மண், நார்க்கழிவு, மக்கிய உரம் சம பங்கு என்று இருக்கும். அது பழுதில்லாத தொடக்கம். காய்கறிக்கு நெடுநாள் உழைப்பது, கொள்ளளவில் நான்கு பங்கு அலசிய நார்க்கழிவு, மூன்று பங்கு மக்கிய உரம், இரண்டு பங்கு சலித்த செம்மண், ஒரு பங்கு உமி என்ற கலவை. மல்லிகை, எலுமிச்சை, முருங்கை போன்று ஆண்டுக்கணக்கில் நிற்பவற்றுக்குச் செம்மண்ணை இரட்டிப்பாக்கி நார்க்கழிவைக் குறைக்க வேண்டும். நார்க்கழிவு மக்கி அமிழ்ந்துபோகும், மண் அப்படியே நிற்கும். செம்மண்ணை முழுக்கவே தவிர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், போரான் எல்லாவற்றையும் கையால் ஊட்டியாக வேண்டும். வாரம் தவறாமல் கவனிக்க முடியாதவருக்கு அது ஒத்துவராது.

கலக்கும்போதே இடும் அடியுரத்தில், இருபது லிட்டர் பைக்கு வேப்பம்புண்ணாக்கு 100 கிராமும் எலும்புத் தூள் 50 கிராமும் போதும். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்புவதால், கலவையை நனைத்து நிழலில் பத்து நாளாவது கிடத்திய பிறகே நட வேண்டும். எலும்புத் தூளின் மணிச்சத்து காரமான மண்ணில் கரையாது. உப்புக் கடினநீர் ஊற்றும் மாடிகளில் அதை நம்பியிருப்பதைவிட மக்கிய உரத்தைக் கூட்டுவதும், மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவைச் சேர்ப்பதும் பலன் தரும்.

அடியுரம் எவ்வளவு நாள் தாங்கும்? தக்காளி, ஒரு டன் பழத்துக்கு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ தழைச்சத்தை நிலத்திலிருந்து எடுக்கிறது. சாம்பல்சத்து அதைவிடக் கூடுதல். ஒரு செடி மூன்று கிலோ காய்த்தால் அதற்கு எட்டு, ஒன்பது கிராம் தழைச்சத்து வேண்டும். பையிலுள்ள மண்புழு உரத்தின் மொத்தத் தழைச்சத்து அதைப்போல நான்கு மடங்கு இருக்கக்கூடும், ஆனால் ஒரு பருவத்தில் கரைந்து வேருக்குக் கிடைப்பது அதில் சிறு பகுதியே. அதிலும் ஒரு பங்கு வடியும் நீரோடு போய்விடும். செடி முதல் மாதம் செழித்து, பூக்கும் நேரத்தில் அடி இலை மஞ்சளாகி நின்றுவிடுவது இந்தக் கணக்கினால்தான். நட்ட நான்காவது வாரத்திலிருந்து மேலுரம் கொடுத்தே ஆக வேண்டும்.

மேலுரத்தில் இரண்டு வழிகள். இயற்கை வழியில் கடலைப் புண்ணாக்குக்கு ஈடில்லை. அதில் தழைச்சத்து நூற்றுக்கு ஏழு. ஐம்பது கிராம் புண்ணாக்கை இரண்டு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்துப் பல பைகளுக்குப் பங்கிட்டு ஊற்றலாம். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் சேர்த்துப் புளிக்கவைக்கும் மீன் அமிலம் இலை வளர்ச்சிக்கு நல்லது. பஞ்சகவ்யம் நூற்றுக்கு மூன்று பங்கு கலந்து தெளிக்கும் வழக்கம் உண்டு. அது செடியைத் தூண்டும், ஆனால் உணவுக்கு மாற்றாகாது. வாழைப்பழத் தோல் ஊறல், முட்டை ஓட்டுத் தூள், அரிசி கழுவிய நீர் இவற்றை மட்டும் கொடுத்து ஒரு கத்தரிச் செடியை முழுப் பருவம் காய்க்கவைக்க முடியாது. முட்டை ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். காரமான கலவையில் அது கரையாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இரண்டாவது வழி நீரில் கரையும் உரம். 19:19:19 என்ற கலப்பு உரத்தை லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து வாரம் ஒரு லிட்டர் ஊற்றினால் செடிக்கு 0.38 கிராம் தழைச்சத்து கிடைக்கும். பன்னிரண்டு வாரத்தில் நாலரை கிராம். தேவையின் பாதியை அது ஈடுசெய்யும், மீதி அடியுரத்திலிருந்து. பூ வந்த பிறகு தழைச்சத்தைக் குறைத்து, 13:0:45 என விற்கும் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு மாறலாம். கால்சியம் நைட்ரேட்டைத் தனி நாளில் கொடுக்க வேண்டும். கந்தகமோ மணிச்சத்தோ உள்ள உரக் கரைசலோடு அதை அடர்த்தியாகக் கலந்தால் சுண்ணாம்புப் பாலாகத் திரிந்து அடியில் படியும். இரண்டு உரத்தின் காசும் வீண். யூரியா மாடிப் பைக்கு ஏற்றதன்று. சூடான, காரமான மண்ணின் மேல் தூவினால் அதன் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்; கை சற்று மிஞ்சினாலும் வேர் கருகும். இயற்கை உரமா, செயற்கை உரமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதில் செடிக்குப் பங்கில்லை; புண்ணாக்கிலிருந்து வந்தாலும் பாக்கெட்டிலிருந்து வந்தாலும் வேர் பெரும்பாலும் உறிஞ்சுவது நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும்தான். வேறுபாடு மண்ணுக்கு: மக்கு இல்லாமல் உப்புரம் மட்டும் கொடுத்த பை இரண்டு பருவத்தில் உயிரற்றுப் போகும். அடியில் மக்கும் மேலே அளவான கரையும் உரமும் என்ற கூட்டே மாடியில் அதிகம் காய்க்கிறது.

எந்தச் சத்து குறைகிறது என்பதை இலை சொல்லும். எந்த இலை என்று பார்க்கத் தெரிய வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். ஆகவே இவற்றின் குறை அடி இலையில் தெரியும்: முழு இலையும் வெளிறினால் தழைச்சத்து, அடிப்புறம் ஊதா படர்ந்தால் மணிச்சத்து, விளிம்பு கருகினால் சாம்பல்சத்து, நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளித்தால் மெக்னீசியம். கால்சியம், இரும்பு, போரான் ஒருமுறை படிந்த இடத்தைவிட்டு நகராதவை. அவற்றின் குறை கொழுந்திலும் காயிலும் தெரியும். கருநீலப் பச்சை இலை, தடித்த தண்டு, பூவே இல்லை என்றால் குறை இல்லை, தழைச்சத்து மிகை. அசுவினி அங்கேதான் முதலில் வந்து குடியேறும். தக்காளியின் அடியழுகலுக்குக் கால்சியம் வாங்கி ஊற்றுவதற்கு முன் நீர் ஊற்றும் ஒழுங்கைச் சரிபார்க்க வேண்டும். ஒரு நாள் வாடவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், மண்ணில் கால்சியம் இருந்தும் காயின் நுனிக்கு அது போய்ச் சேராது.

மண்ணையும் உரத்தையும்விடப் பல ஊர்களில் தண்ணீரே தீர்ப்பு எழுதுகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது நெடுநாளாகப் பதிவான செய்தி. கொங்கு நாட்டின் பல கிணறுகளில் சுண்ணாம்புக் கடினம். உப்புமானியில் ஆயிரத்தைத் தாண்டும் போர்த் தண்ணீரை நாள்தோறும் ஊற்றினால், செடி நீரை உறிஞ்சிக்கொள்ள, உப்பு மட்டும் பையில் சேரும். பையின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேலும் வெள்ளை பூப்பது அதன் அடையாளம். மண்சாற்றின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால்தான் தக்காளியின் விளைச்சல் குறையத் தொடங்கும், மிளகாய்க்கு 1.5, வெங்காயத்துக்கு 1.2, பீன்ஸுக்கு 1.0. உப்புத் தண்ணீர் வீட்டில் பீன்ஸோடு போராடுவதைவிடத் தக்காளி, பீட்ரூட் பயிரிடுவது அறிவு. ஊற்றும் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு அடித்துளை வழியே வடியும்படி ஊற்றினால் உப்பு கழுவப்படும். சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடுவது நல்லெண்ணம்தான், ஆனால் அந்த நீரில் உப்பு செறிந்திருக்கிறது. அதைத் தனியாக ஊற்றக் கூடாது. மழைநீரோடு கலந்து உப்புமானி இறங்கிய பிறகு ஊற்றலாம்.

கடினநீரின் பைகார்பனேட் கலவையை மெல்ல மெல்லக் காரமாக்கும். கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும்வரை எல்லாச் சத்தும் கரைந்து கிடைக்கும். 7.5-ஐத் தாண்டினால் இரும்பு மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். கொழுந்து இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மல்லிகையிலும் எலுமிச்சையிலும் இது அடிக்கடி. இந்த நிலையில் அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்ப்பது நோயை வளர்ப்பது. இரும்பு சல்பேட்டை மண்ணில் போட்டால் அதுவும் விரைவில் பூட்டிக்கொள்ளும். இலைவழித் தெளிப்பாகக் கொடுத்தால் விரைவில் தேறும். மண்வழியாகக் கொடுப்பதானால் ஈ.டி.டி.ஏ. என்ற கொடுக்குப் பிணைப்பிலுள்ள இரும்பு 6.5 அளவுக்கு மேல் நிலைக்காது, காரமண்ணுக்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் வேலை செய்யும். விலை அதிகம், ஆனால் சிட்டிகை அளவே தேவை. 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நினைத்தது நிலத்தடி நீரை. மாடித் தோட்டக்காரர் ஒரு பீப்பாய் மழைநீரைத் தனியே பிடித்துவைத்தால் நாற்றுக்கும் தெளிப்புக்கும் அதற்கு நிகரான நீர் வேறில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிக்கல் தலைகீழாகும். உப்பெல்லாம் கழுவப்படுவது நன்மை. நைட்ரேட்டும் பொட்டாசியமும் அதோடு போவது இழப்பு. மழைக்கு முந்தைய வாரம் உரம் ஊற்றுவது சாக்கடைக்கு ஊற்றுவதாகும். மழை ஓய்ந்து இரண்டு வெயில் அடித்த பின் சிறு அளவில் கொடுக்கலாம். கோடையிலோ வேர் வெந்துபோகும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கக் கலவை சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத அளவு சுடும். மண் சூடு 35 பாகை தாண்டினால் பெரும்பாலான காய்கறி வேர்கள் சுணங்கும். அப்போது உரம் கொடுத்துப் பயனில்லை. வெள்ளைப் பை, நிழல்வலை, மேலே ஒரு கை கனத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு இவையே அந்த மாதங்களின் உரம்.

உயிர் உரங்களில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, ட்ரைக்கோடெர்மா விரிடி மூன்றும் மக்கிய உரத்தோடு கலந்து ஈரத்தில் ஒரு வாரம் வைத்து இட்டால் நன்றாகப் பெருகும். நார்க்கழிவில் நாற்றழுகலைத் தடுப்பதற்கு ட்ரைக்கோடெர்மா பெரிதும் உதவும். பூஞ்சைக்கொல்லி ஊற்றிய பையில் அதைப் போடுவது வீண். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். வெயிலில் அடுக்கிவைத்த கடையில் வாங்கினால் உள்ளே உயிர் இருக்காது.

பருவம் முடிந்ததும் கலவையைக் கொட்டிவிட வேண்டியதில்லை. செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பதே முதல் வேலை. வேர் வெண்மையாகச் சல்லிசல்லியாகப் பையின் அடிவரை ஓடியிருந்தால் கலவை நன்றாக இருக்கிறது. பழுப்பாகி, மேல்பாதியிலேயே நின்றிருந்தால் அடியில் நீர் தேங்குகிறது. அடுத்த முறை உமியைக் கூட்ட வேண்டும். நல்ல கலவையைக் கொட்டி உதிர்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசி வடித்து, மூன்றில் ஒரு பங்கு புதிய மக்கிய உரம் சேர்த்தால் மீண்டும் பயன்படும். தக்காளி நின்ற பையில் அடுத்துக் கத்தரியோ மிளகாயோ வைக்காமல் காராமணி, அவரை, கீரை என்று மாற்ற வேண்டும். மூன்றாம் ஆண்டில் நார்க்கழிவு தூளாகிப் பை பாதியாக அமிழ்ந்துவிடும்; அப்போது அதைச் செம்மண்ணாகக் கருதிப் புதுக் கலவையில் இரண்டு பங்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேரில் பாசிமணி கோத்ததுபோல முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. வெண்டை, தக்காளி, கத்தரியில் அதிகம். அந்தக் கலவையை வேறு பைகளோடு கலக்கவே கூடாது; தோண்டிய கரண்டியையும் கழுவ வேண்டும். பங்குனி, சித்திரையில் அதை ஈரமாக்கி, அரையடி கனத்துக்குப் பரப்பி, கண்ணாடிபோலத் தெரியும் பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி ஆறு வாரம் வெயிலில் விட்டால் புழுவும் முட்டையும் பெரும்பாலும் சாகும். வெயில் காலம் இல்லையென்றால் ஒரு பருவம் அந்தப் பைகளில் செண்டுமல்லியை மட்டும் நெருக்கமாக நடலாம். அதன் வேரிலுள்ள பொருள் நூற்புழுவை ஒடுக்கும். பூ பறித்து முடித்த பிறகு வேரோடு நறுக்கி அதே கலவையில் மக்கவிட்டு, வேப்பம்புண்ணாக்கு சேர்த்து, முதல் பயிராக வெங்காயமோ கீரையோ போட்டு, அதன் வேரைப் பார்த்த பிறகே தக்காளிக்குத் திரும்ப வேண்டும்.